இரண்டு முறை விடுபடுபவர்கள்: அமெரிக்கத் தமிழ்ச் சங்கங்களின் உதவித்தொகைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உதவித்தொகைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரி ஒன்றில் பதினான்கு ஆண்டுகளாக இயற்பியல் கற்பித்து வருகிறேன். இடையில் இரண்டு ஆண்டுகள், எங்கள் வட்டாரத் தமிழ்ச் சங்கம் ஒன்றின் உதவித்தொகைத் தேர்வுக் குழுவிலும் இருந்தேன். ஆகவே இந்த மடலை வெளியாள் ஒருவரின் குறைகூறலாக நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நான் குறை சொல்லப் போகும் விதிக்கு ஒப்புதல் அளித்த கூட்டத்தில் நானும் அமர்ந்திருந்தேன். சரியாகத்தான் இருக்கிறது என்று தலையசைத்தவர்களில் நானும் ஒருத்தி.

அந்த விதி ஒரே வரி. விண்ணப்பிப்பவர் இவ்வாண்டு உயர்நிலைப் பள்ளியை முடித்து, நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் முதலாண்டு மாணவராகச் சேர அனுமதி பெற்றிருக்க வேண்டும் என்பது அது. நான் பார்த்த வேறு சில சங்கங்களின் படிவங்களிலும், இந்தியப் பொறியியல் கல்லூரிகளின் முன்னாள் மாணவர்கள் இங்கே நடத்தும் சிறு அறக்கட்டளைகளின் படிவங்களிலும், சொற்கள் சற்று மாறி இதே வரி இருக்கக் கண்டேன். ஒரு படிவத்தை இன்னொரு படிவத்திலிருந்து படியெடுப்பது நம் வழக்கம் என்பதால் இதில் வியப்பில்லை.

இந்த வரி யாரை விலக்குகிறது என்பதை எனக்குக் காட்டியவர் என் மாணவி ஒருவர். அவருடைய தந்தை தென்னிந்திய உணவகம் ஒன்றின் தோசைக் கல்லருகே நாளுக்குப் பத்து மணி நேரம் நிற்பவர். தாய் குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்கிறார். குடும்பத்துக்கு நிரந்தரக் குடியிருப்பு அட்டை உண்டு, சேமிப்பு இல்லை. பள்ளி முடித்த ஆண்டில் அந்தப் பெண் எங்கள் சங்கத்துக்கு விண்ணப்பித்தார். சேரப் போவது சமுதாயக் கல்லூரி என்பதால், கட்டுரையைப் படிக்காமலேயே ஒதுக்கினோம். அந்த மறுப்புக் கடிதத்தில் இருந்த மூன்று கையெழுத்துகளில் ஒன்று என்னுடையது. மறுபருவத்திலேயே அவர் என் வகுப்பின் இரண்டாம் வரிசையில் வந்து அமர்ந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. வருகைப் பட்டியலில் இருந்த பெயர் எனக்குத் தெரிந்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, மின்பொறியியல் படிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்ததும் மீண்டும் விண்ணப்பித்தார். அப்போது நான் குழுவில் இல்லை. அவர் சேரப் போவது மூன்றாமாண்டில், முதலாண்டில் அல்ல என்று சொல்லி இரண்டாம் முறையும் ஒதுக்கினார்கள். அவருடைய தந்தை என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டீச்சர், முதல்ல போனப்ப பெரிய காலேஜுல சேர்ந்துட்டு வான்னாங்க. இப்ப சேர்ந்துட்டுப் போனா லேட்டா வந்துட்டேங்கிறாங்க. நடுவுல எப்பதான் போறது?"

அந்தக் கேள்விக்கு உங்களிடமிருந்து பதில் பெறுவதற்காகவே இந்த மடல்.

நம் பெரியவர்களில் பலருக்குச் சமுதாயக் கல்லூரி என்றால் என்னவென்றே தெளிவாகத் தெரியாது. தமிழ்நாட்டில் 'கம்யூனிட்டி' என்ற சொல் சாதிச் சான்றிதழோடு ஒட்டிக்கொண்டுவிட்டதால், ஊரிலிருந்து வந்த என் பெரியப்பா, நான் வேலை செய்யும் கல்லூரி எந்தக் கம்யூனிட்டிக்காரர்கள் நடத்துவது என்று மிகுந்த மரியாதையோடு கேட்டார். அவருக்குச் சொன்ன விளக்கத்தையே இங்கும் சொல்கிறேன். நம் ஊரில் பாலிடெக்னிக்கில் டிப்ளமா முடித்தவர் நேரடியாகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேர்வதில்லையா, அதற்கு ஓரளவு நெருங்கிய உறவு இது. முதல் இரண்டாண்டுப் பாடங்களை ஊருக்கு அருகிலுள்ள கல்லூரியில் குறைந்த செலவில் படித்து, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது. இந்த மடலைப் படிக்கும் குழு உறுப்பினர்களிலேயே பாலிடெக்னிக் வழியாக வந்தவர்கள் இருப்பீர்கள். உங்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இலினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் 1901-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டுக்கு, கலிபோர்னியாவில் 1960-ஆம் ஆண்டின் உயர்கல்விப் பெருந்திட்டம் தெளிவான வடிவம் கொடுத்தது. பள்ளி முடிப்பவர்களில் மேல்நிலையில் உள்ள எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், மூன்றில் ஒரு பங்கினருக்கு மாநிலப் பல்கலைக்கழகம், பயன்பெறக் கூடிய எல்லோருக்கும் சமுதாயக் கல்லூரி, அங்கிருந்து மேலே ஏற வழி என்பது அதன் அடிப்படை. இன்று மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் இருக்கின்றன. மாநிலவாசிகளுக்குக் கட்டணம், பாடங்களை அளக்கும் அலகான யூனிட் ஒன்றுக்கு 46 டாலர். மாறுவதற்குத் தேவையான 60 யூனிட்டுக்கும் சேர்த்து 2,760 டாலர். ஏழை மாணவருக்கு அதையும் தள்ளுபடி செய்கிறார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆண்டுக் கல்விக் கட்டணமே 14,000 டாலருக்கு மேல். தோசைக் கல்லருகே நிற்பவரின் மகள் ஏன் இந்த வழியைத் தேர்ந்தார் என்பதற்கு மதிப்பெண்ணில் காரணம் தேடத் தேவையில்லை.

ஆனால் மேலே ஏறும் வழி, படத்தில் தெரிவது போல நேராக இல்லை. நாடு முழுவதும் சமுதாயக் கல்லூரியில் நுழைபவர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் இளங்கலைப் பட்டம் வேண்டும் என்றே நுழைகிறார்கள். நுழைபவர்களில் நான்காண்டுக் கல்லூரிக்கு மாறுபவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒருவர். ஆறு ஆண்டுகளுக்குள் பட்டம் பெறுபவர்கள் சுமார் 16 விழுக்காடு. இந்த எண்களைப் பார்த்ததும், திறமை இல்லாதவர்கள் உதிர்ந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டத் தோன்றும். என் வகுப்பறையிலிருந்து பார்க்கும்போது அப்படித் தெரியவில்லை. குறிப்பாக அறிவியலிலும் பொறியியலிலும், மாணவரை வீழ்த்துவது பெரும்பாலும் பாடம் அல்ல, பாடங்களின் வரிசை.

பொறியியலுக்கு மாற விரும்பும் மாணவர் நுண்கணிதத்தில் மூன்று பருவங்கள், நேரியல் இயற்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், நுண்கணிதம் சார்ந்த இயற்பியலில் மூன்று பருவங்கள், வேதியியல், நிரலாக்கம், அதன் மேல் துறைக்கேற்ப நிலையியலோ மின்சுற்றுப் பாடமோ முடிக்க வேண்டும். இவற்றைக் கையில் கிடைத்த வரிசையில் படிக்க முடியாது. நுண்கணிதம் முதல் பருவம் முடியாமல் என் இயந்திரவியல் வகுப்புக்கு வர முடியாது. என் வகுப்பு முடியாமல் நிலையியலுக்குப் போக முடியாது. எங்களைப் போன்ற கல்லூரிகளில் மின்சுற்றுப் பாடம் ஆண்டுக்கு ஒரு முறைதான் நடக்கிறது. ஒரு வசந்தப் பருவத்தில் பதினொரு பேர் மட்டுமே பதிவு செய்திருந்தார்கள் என்று அந்த வகுப்பை இரத்துச் செய்தார்கள். அந்தப் பதினொரு பேரில் நான்கு பேருக்கு அந்த ஒரே பாடத்தால் ஓர் ஆண்டு தள்ளிப்போனது. பள்ளியில் கணிதம் சற்றுப் பின்தங்கியவர் என்றால், வரிசையின் தொடக்கத்துக்கு வரவே ஒரு பருவம் கூடுதலாகும். இரண்டாண்டுக் கல்லூரி என்று பெயர் இருந்தாலும், பொறியியல் மாணவருக்கு அது மூன்றாண்டுக் கல்லூரி. வேலைக்கும் போகிறவருக்கு நான்கு.

இதற்கு மேல், ஒவ்வொரு பல்கலைக்கழக வளாகமும் கேட்பது வேறு. நம் கல்லூரியின் எந்தப் பாடம் அங்கே எந்தப் பாடத்துக்கு இணை என்று பார்க்க மாநிலம் 'அசிஸ்ட்' என்ற பொதுத் தளம் ஒன்றை வைத்திருக்கிறது. என் மாணவர்கள் வங்கிக் கணக்கைவிட அதிகமாகப் பார்ப்பது அதைத்தான். ஒரு வளாகம் கேட்கும் நிரலாக்க மொழியை இன்னொன்று ஏற்காது. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ், எர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள், குறித்த தகுதிகளை முடித்தவருக்கு இடம் உறுதி என்று முன்கூட்டியே ஒப்பந்தம் எழுதித் தருகின்றன. ஆனால் எல்லாப் பொறியியல் துறைகளுக்கும் அது பொருந்தாது. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ வளாகங்களில் அந்த ஒப்பந்தமே இல்லை. எனவே நான்கு வளாகங்களுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் நான்கு பட்டியல்களின் கூட்டுத்தொகையைப் படிக்க வேண்டியிருக்கிறது. சேர்ந்த பிறகு அதில் ஒரு பகுதி பட்டத்துக்குக் கணக்கில் வராமல் போகும். 2004 முதல் 2009 வரை மாறிய மாணவர்களை ஆராய்ந்து அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2017-இல் வெளியிட்ட அறிக்கை, நாடு முழுவதும் கல்லூரி மாறுபவர்கள் தாம் ஈட்டிய யூனிட்டுகளில் சராசரியாக 43 விழுக்காட்டை இழக்கிறார்கள் என்று மதிப்பிட்டது. எல்லா வகை மாற்றங்களுக்கும் சேர்த்த சராசரி அது; பொதுக் கல்லூரியிலிருந்து பொதுப் பல்கலைக்கழகத்துக்குப் போவோரின் இழப்பு அதைவிடக் குறைவு. இருந்தாலும் இழப்பு இழப்புதான்.

இழந்த பாடங்களுக்கான காலமும் அரசு உதவியின் கணக்கில் ஏறுகிறது என்பதைக் குழுக்கள் பெரும்பாலும் அறிவதில்லை. கூட்டரசின் பெல் உதவி, ஆண்டுக்கு அதிகபட்சம் 7,395 டாலர், ஒருவருக்கு வாழ்நாளில் பன்னிரண்டு பருவங்களுக்கு மட்டுமே. சமுதாயக் கல்லூரியில் எட்டுப் பருவங்கள் முழுநேரமாகப் படித்தவருக்கு மிஞ்சுவது நான்கு. பல்கலைக்கழகத்தில் ஐந்தாவது பருவம் தேவைப்பட்டால் அதற்குப் பெல் இல்லை. பட்டம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது நின்றுபோகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குத் தேவைப்பட்டது மூவாயிரம், நாலாயிரம் டாலர்.

இனி நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புவது, மாறும் ஆண்டின் கோடைகாலத்தைப் பற்றி.

ஏப்ரலில் முடிவு வருகிறது. ஜூன் முதல் நாளுக்குள் சேர்வதாக ஒப்புக்கொண்டு முன்பணம் கட்ட வேண்டும். விடுதிக்கு விண்ணப்பிக்க வேண்டும், அதற்கும் முன்பணம். விடுதி இல்லையென்றால் வாடகை அறைக்கு முதல் மாத வாடகையும் பாதுகாப்பு வைப்பும். பெரும்பாலான கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்களில் வகுப்புகள் செப்டம்பர் இறுதியில் தொடங்குகின்றன. அரசு உதவிப் பணம் கைக்கு வருவது அதையொட்டி. ஆக, ஜூன் முதல் செப்டம்பர் வரை செலவு இருக்கிறது, உதவி இல்லை. நான் மேலே சொன்ன மாணவி அந்தக் கோடையில் மளிகைக் கடையில் வாரம் ஆறு நாள் வேலை செய்தார். அவருக்கு ஓர் ஆய்வுக்கூடத்தில் கோடைக்காலப் பயிற்சி கிடைத்திருந்தது. ஊதியம் பயிற்சியின் முடிவில்தான் என்பதால் அதை விட்டுவிட்டார். மின்பொறியியல் மாணவியின் தன்விவரக் குறிப்பில் அந்தக் கோடை மளிகைக் கடையாகவே நிற்கிறது. பிறகு நிறுவனங்கள் பயிற்சிக்கு ஆள் எடுக்க வளாகத்துக்கு வந்தபோது, முதலாண்டிலேயே அங்கே சேர்ந்தவர்களிடம் இரண்டு கோடைகளின் அனுபவம் இருந்தது.

அடுத்து முதல் பருவம். எங்கள் கல்லூரியில் பதினாறு வாரத்துக்கு மேல் பரவியிருக்கும் பாடம், பெர்க்லியும் மெர்சட்டும் தவிர்த்த மற்ற வளாகங்களில் பத்து வாரத்தில் முடிகிறது. மூன்றாவது, நான்காவது வாரத்திலேயே இடைத்தேர்வு. முப்பது பேர் வகுப்பிலிருந்து போனவர் முந்நூறு பேர் அரங்கில் அமர்கிறார். இந்த முதல் சறுக்கலுக்கு ஆய்வாளர்கள் 1960-களிலேயே 'மாற்ற அதிர்ச்சி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு நவம்பர் மாலை, பல்கலைக்கழகத்துக்குப் போய் ஆறு வாரமான மாணவர் ஒருவர், இரண்டு பேருந்து மாறி என் அறைக்கு வந்தார். கையில் நான்காய் மடித்த விடைத்தாள், நூற்றுக்கு நாற்பத்தொன்று. என் வகுப்பில் அவர் முதல் மூவருள் ஒருவர். விடைத்தாளைப் பார்த்தேன். பாடம் அவருக்குத் தெரிந்திருந்தது; ஐந்து கணக்குகளில் மூன்றைத்தான் தொட்டிருந்தார், தொட்ட மூன்றும் ஏறக்குறைய சரி. வாரம் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறாய் என்று கேட்டேன். இருபத்தெட்டு என்றார். வேலையைப் பாதியாகக் குறைக்க மாதம் எவ்வளவு தேவைப்படும் என்று இருவரும் அந்த விடைத்தாளின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டோம். பல்கலைக்கழகக் கட்டணம் அந்தக் கணக்கில் வரவே இல்லை. அதைப் பெல் உதவியும் மாநிலத்தின் கால் கிராண்ட் உதவியும் சேர்ந்து அடைத்திருந்தன. வாடகையும் பேருந்தும் சாப்பாடும்தான் வந்தன.

உங்கள் உதவித்தொகையோ, பெரும்பாலும், பல்கலைக்கழகத்தின் பெயருக்கே எழுதப்படும் கல்விக் கட்டணக் காசோலை.

இங்கே ஒரு செய்தியை உங்கள் முன் வைக்க வேண்டும். இதைப் பல ஆண்டுகள் நானே அறியாமல் இருந்தேன். நம்மில் பெரும்பாலோர் எச்-1பி விசாவில் வந்தவர்கள். நமக்காக நிறுவனங்கள் மனுச் செய்தபோது, மற்றக் கட்டணங்களோடு ஒரு தனிக் கட்டணமும் கட்டின. 1998-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 500 டாலராகத் தொடங்கிவைத்தது. 2004-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அது பெரிய நிறுவனங்களுக்கு 1,500 டாலர், இருபத்தைந்து பேருக்கு மேல் வேலையாட்கள் இல்லாதவற்றுக்கு 750 டாலர். 2025 செப்டம்பரில் அறிவிக்கப்பட்ட ஒரு லட்சம் டாலர் கட்டணத்தோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இது பழையது, ஊழியரின் தலையில் கட்டக் கூடாது என்று சட்டமே சொல்வது. அந்தப் பணத்தில் பாதி தொழிலாளர் துறையின் பயிற்சித் திட்டங்களுக்குப் போகிறது. 30 விழுக்காடு தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு, குறைந்த வருமானமுள்ள அறிவியல், பொறியியல் மாணவர்களின் உதவித்தொகைக்காகப் போகிறது. அந்தத் திட்டத்தின் இன்றைய பெயர் 'எஸ்-ஸ்டெம்'. சமுதாயக் கல்லூரியும் பல்கலைக்கழகமும் கைகோத்து, மாணவர் இங்கே இருக்கும்போதே அவரை ஏற்று, அங்கே போன பிறகும் விடாமல் நடத்தும் பல முயற்சிகளுக்குப் பணம் இதிலிருந்து வந்திருக்கிறது. வெறும் பணமும் அல்ல: வழிகாட்டும் ஆசிரியர், ஒரே தொகுதியாகப் படிக்கும் குழு, ஆய்வுக்கூட வாய்ப்பு ஆகியவற்றைச் சேர்த்துத் தந்தால்தான் அந்த அறக்கட்டளை நிதி தருகிறது.

ஆக, நம் பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்ட ஒவ்வொரு எச்-1பி விசாவின் பின்னாலும், முகம் தெரியாத ஓர் ஏழை மாணவரின் பாடப்புத்தகச் செலவில் ஒரு பங்கு இருந்திருக்கக் கூடும். தெரியாமல் செய்த அந்த உதவியின் விதிகள், நாம் தெரிந்தே செய்யும் உதவியின் விதிகளைவிட நன்றாக எழுதப்பட்டிருக்கின்றன என்பது எனக்குச் சற்று வெட்கமாக இருக்கிறது.

அந்தத் திட்டத்திலும் ஓர் ஓட்டை உண்டு. அதை அடைக்கக் கூடியவர்கள் நீங்கள். குடியுரிமை, நிரந்தரக் குடியிருப்பு, அகதி நிலை ஆகியவற்றில் ஒன்று இல்லாதவருக்கு எஸ்-ஸ்டெம் உதவி கிடைக்காது. எச்-4 விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு, அதாவது எவருடைய விசாவுக்காக அந்தக் கட்டணம் கட்டப்பட்டதோ அவர்களுடைய மகனுக்கும் மகளுக்கும், அது கிடையாது. பெல் உதவியும் கிடையாது. படித்துக்கொண்டே பகுதிநேர வேலை பார்க்கவும் அனுமதி இல்லை. தந்தைக்கு நல்ல சம்பளம் என்பதால் இவர்களில் பலருக்குத் தேவை இருக்காது என்பது உண்மைதான். ஆனால் ஆட்குறைப்பில் வேலை போய், அறுபது நாள் கெடுவுக்குள் புதிய வேலை தேடும் தந்தையின் மகன் என் வகுப்பில் இருந்தான். அவனுக்கு எந்த அலுவலகத்தின் எந்தப் படிவமும் பொருந்தவில்லை. உங்கள் படிவம் பொருந்தியிருக்கலாம்; சேர்ந்திருந்தது சமுதாயக் கல்லூரி என்பதால் அதுவும் பொருந்தவில்லை.

என்னோடு குழுவில் இருந்த நண்பர்கள் இரண்டு மறுப்புகளைச் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னவை என்பதால் அவற்றின் வலு எனக்குத் தெரியும்.

முதலாவது, தரம். உதவித்தொகை தகுதிக்கான பரிசு. அதைச் சமுதாயக் கல்லூரிக்குக் கொண்டுபோனால் மதிப்புக் குறையும் என்பது. இதற்கு என் பதில் சுருக்கமானது. விண்வெளி ஓடத்துக்குத் தலைமை தாங்கிய முதல் பெண், 1999-இல் கொலம்பியா ஓடத்தைச் செலுத்திய ஐலீன் காலின்ஸ், நியூயார்க் மாநிலத்தின் கார்னிங் சமுதாயக் கல்லூரியிலிருந்து சிராக்யூஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறியவர். மனித மரபணுத் தொகுதியை வாசித்த முயற்சிகளில் ஒன்றை நடத்திய கிரெய்க் வென்டர், சான் மட்டேயோ சமுதாயக் கல்லூரியில் தொடங்கி சான் டியாகோ போனவர். இவர்கள் விதிவிலக்குகள் என்று சொல்லலாம். ஆனால் மாறும் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 55,000 டாலர் வரை தரும் ஜாக் கென்ட் குக் அறக்கட்டளை 2019-இல் வெளியிட்ட ஆய்வு, கடும் போட்டியுள்ள கல்லூரிகளுக்குச் சமுதாயக் கல்லூரியிலிருந்து போனவர்கள், பள்ளியிலிருந்து நேராகப் போனவர்களுக்கு இணையாகவோ சற்று மேலாகவோ பட்டம் முடிக்கிறார்கள் என்று காட்டியது. பதினேழு வயது மதிப்பெண்ணைவிட, கல்லூரியில் நுண்கணிதம் மூன்று பருவமும் முடித்துவிட்ட இருபது வயதுக்காரரின் மதிப்பெண், அவர் பொறியாளர் ஆவாரா என்பதைத் தெளிவாகச் சொல்லும். தரம்தான் உங்கள் கவலை என்றால், மாறும் மாணவரிடம் இடுவது குறைந்த ஆபத்துள்ள முதலீடு.

இரண்டாவது, நம் நிதி சிறியது. ஆயிரம், இரண்டாயிரம் டாலரில் என்ன ஆகிவிடும் என்பது. பள்ளி முடித்து ஒரு தனியார் பல்கலைக்கழகத்துக்குப் போகும் மாணவருக்கு உங்கள் ஆயிரம் டாலர் ஒரு வாழ்த்து. கல்லூரிக்குப் போகும் வழியில் மடிக்கணினி வாங்குவார்கள். அதே ஆயிரம், ஜூன் மாதத்தில் என் மாணவியின் கைக்கு வந்திருந்தால் அது ஓர் ஆய்வுக்கூடக் கோடைகாலம். சிறிய நிதிக்கு எங்கே அதிக மதிப்பு என்று தேடினால், ஏப்ரலுக்கும் நவம்பருக்கும் இடைப்பட்ட அந்த ஏழு மாதத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. வெளி உதவி வந்தால் பல்கலைக்கழகம் தன் உதவியைக் குறைத்துவிடும் என்ற பழைய அச்சத்துக்கும் கலிபோர்னியாவில் ஓரளவு விடை கிடைத்திருக்கிறது: பெல் உதவி பெறத் தகுதியுள்ள மாணவருக்குக் கிடைக்கும், திருப்பித் தர வேண்டாத உதவிகளின் மொத்தம் அவருடைய ஆண்டுப் படிப்புச் செலவைத் தாண்டாத வரை அப்படிக் குறைக்கக் கூடாது என்று 2022-இல் சட்டம் இயற்றிவிட்டார்கள்.

நான் கேட்பவை அதிகம் இல்லை. தகுதி விதியில் 'முதலாண்டு' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். பணத்தின் ஒரு பகுதியையாவது ஜூன் மாதத்திலேயே, மாணவரின் கையில், வாடகைக்கும் போக்குவரத்துக்கும் பயன்படும்படி கொடுங்கள். அப்படிக் கொடுக்கும் பகுதி வரிச் சட்டப்படி மாணவரின் வருமானமாகக் கணக்கிடப்படும் என்பதைக் கடிதத்தில் சொல்லிவிட்டால் போதும். அவர்கள் இருக்கும் வருமான நிலையில் பெரும்பாலும் வரி எதுவும் வராது. வாக்களித்த உதவியை இரண்டு ஆண்டு என்று வரையறுக்காமல், பட்டம் முடியும் வரை, மூன்று ஆண்டு உச்சவரம்போடு எழுதுங்கள். முதல் பருவ மதிப்பெண் சரிந்தது என்பதற்காக மட்டும் நிறுத்தாதீர்கள். நாற்பத்தொன்று வாங்கிய அந்த மாணவர் இறுதித் தேர்வில் எழுபத்தெட்டு வாங்கினார். உங்கள் சங்கங்களில் குறைகடத்தி நிறுவனங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் வேலை செய்பவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறீர்கள். கோடையில் ஒரு மாணவரை எட்டு வாரம் ஊதியத்தோடு வைத்துக்கொள்ள உங்கள் மேலாளரைச் சம்மதிக்க வைக்க முடிந்தால், அது சங்கத்தின் காசோலையைவிடப் பெரிது.

விண்ணப்பம் செய்யச் சொல்லும் இடத்தையும் மாற்ற வேண்டும். பொங்கல் விழா மேடையிலும் தமிழ்ப் பள்ளி மின்னஞ்சலிலும் மட்டும் அறிவித்தால், விழாவுக்கு வர நேரமில்லாத குடும்பங்களுக்குச் செய்தி போகாது. சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் 'மெசா' மையம் என்று ஓர் அறை இருக்கும். 1970-இல் ஓக்லண்டின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் தொடங்கிய அந்தத் திட்டம், வசதி குறைந்த அறிவியல், பொறியியல் மாணவர்களுக்கானது. எங்கள் மையத்தில் எட்டு மேசைகள், ஒரு பழைய நுண்ணலை அடுப்பு, இரவு எட்டு மணி வரை ஆட்கள். அங்கே உள்ள அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். விழாக்களில் பிள்ளைகளை மேடையேற்றி, சேரப் போகும் பல்கலைக்கழகத்தின் பெயரை ஒலிபெருக்கியில் படிக்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் ஒவ்வோர் அளவில் கைத்தட்டல். சமுதாயக் கல்லூரிக்குப் போகும் பிள்ளையின் தாய், அந்த மாலை உடம்பு சரியில்லை என்று வீட்டில் தங்கிவிடுகிறார். விதியை மாற்றக் குழுவின் ஒரு கூட்டம் போதும். இதை மாற்ற எத்தனை ஆண்டு ஆகுமோ எனக்குத் தெரியாது.

உங்கள் குழுக்கள் பெரும்பாலும் ஜனவரியில் கூடி அந்த ஆண்டின் படிவத்தை இறுதி செய்கின்றன. அதற்குள் எந்தச் சங்கம் அழைத்தாலும் வந்து விளக்கவும், மாறும் மாணவர்களின் விண்ணப்பங்களையும் பாடப் பட்டியல்களையும் படித்துச் சொல்லவும் ஆயத்தமாக இருக்கிறேன்; என்னோடு கணிதத் துறையிலிருந்து இருவர் வரச் சம்மதித்திருக்கிறார்கள். நேரம் மிச்சமாகட்டும் என்று, பழைய வரிக்கு மாற்றாக ஒரு வரியையும் எழுதிவைத்திருக்கிறேன். நீங்கள் திருத்திக்கொள்ளலாம்:

"விண்ணப்பிப்பவர் வரும் கல்வியாண்டில் நான்காண்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எந்த ஆண்டிலேனும் புதிதாகச் சேர்பவராகவோ, அவ்வாறு மாறும் நோக்கத்துடன் சமுதாயக் கல்லூரியில் படிப்பவராகவோ இருக்க வேண்டும், குடியேற்ற நிலை கேட்கப்படமாட்டாது."

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் குழு உறுப்பினர்களில் ஒருத்தி,
இயற்பியல் ஆசிரியை, கலிபோர்னியா